தேர்நிலை: ஓடாத நாட்களில் கோயில் தேர்

தேரோட்டம் முடிந்தபின் அடுத்த திருவிழா வரை கோயில் தேர் நிற்கும் இடம் தேர்நிலை எனப்படுகிறது. தேர் வீதி சுற்றித் தன் இடத்துக்குத் திரும்புவதை 'தேர் நிலைக்கு வந்தது' என்று சொல்வது தமிழக வழக்கு. ஊருக்கு ஊர் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. தேரடி என்பது பொதுப்பெயர். சுவாமியைத் தேரில் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட உயரமான படிக்கட்டு மேடை தேர்முட்டி ஆகும். மேலே கூரை போட்டு மூடியிருந்தால் தேர்க் கொட்டகை.

தேர் ஆண்டில் ஒரு நாள் ஓடுகிறது. சில கோயில்களில் இரண்டு மூன்று முறை ஓடும். தேரைப் பற்றி எழுதுபவர்கள் வடம் பிடிக்கும் அந்த ஒரு நாளை விரிவாக எழுதிவிட்டு, எஞ்சிய முந்நூற்று அறுபத்துச் சொச்சம் நாட்களை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் ஒரு தேர் எத்தனை காலம் வாழும் என்பதை அந்த எஞ்சிய நாட்களே முடிவு செய்கின்றன. அன்றாடம் பயன்படாத, வீட்டுக்குள்ளும் வைக்க முடியாத, மரத்தால் ஆன ஒரு பெரிய வாகனத்தை எங்கே நிறுத்துவது, எப்படிக் காப்பது என்ற கேள்வி படகு வைத்திருப்பவருக்கும் உண்டு, தேர் வைத்திருக்கும் ஊருக்கும் உண்டு.

அரும்பாவூர்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி அரும்பாவூர். இங்கும் அருகிலுள்ள தழுதாழையிலும் தலைமுறை தலைமுறையாக மரச்சிற்ப வேலை நடக்கிறது. சுவாமி சிலைகள், சிம்மம், யானை, குதிரை, மயில், ரிஷபம் போன்ற வாகனங்கள், வாசக்கால்கள், தேர்ச் சிற்பங்கள் ஆகியவை இங்கிருந்து பல ஊர்க் கோயில்களுக்குச் செல்கின்றன. வாகை, மா, வேம்பு உள்ளிட்ட மரங்களில் செதுக்குகிறார்கள். ஒரே மரத்துண்டில் முழு உருவத்தையும் எடுப்பது இவ்வூர் வேலையின் அடையாளம். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அந்தக் குறியீடு வழங்கப்பட்டது.

புவிசார் குறியீடு கைவினையின் பிறப்பிடத்தைப் பதிவு செய்கிறது. செய்த பொருள் பட்டறையை விட்டுப் போனபின் என்ன ஆகிறது என்பது அதன் வேலையில்லை. வாகனங்களுக்குக் கோயிலுக்குள் வாகன மண்டபம் இருக்கிறது. கல் கூரை, கல் தரை, ஓரளவு நிழல், காற்று எல்லாம் அங்கே உண்டு. தேருக்கு அந்த வசதி கிடையாது. கோபுர வாசலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது என்பதால் அது வீதியிலேயே பிறந்து வீதியிலேயே நிற்கிறது. ஒரே சிற்பியின் உளி பட்ட இரண்டு உருவங்களில், வாகனமாகப் போனது நூறாண்டுக்குப் பின்னும் மூக்கும் முழியுமாக இருக்கும். தேரில் ஏறியது சில பத்தாண்டுகளில் முகம் தேய்ந்து நிற்கக்கூடும்.

கழற்றுவதும் கழற்றாததும்

மரத்தால் ஆன பெரிய ஊர்தியைக் காக்க மனிதர்கள் கண்ட முதல் வழி அதைக் கழற்றி வைப்பதுதான். சோழமண்டலக் கடற்கரையில் கட்டுமரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் காய்ந்தால்தான் மறுநாள் மிதப்பு குறையாமல் இருக்கும். கட்டுமரத்துக்குத் தனி இடமே தேவையில்லை. கழற்றிவிட்டால் அது நாலைந்து மரக்கட்டைகள், அவ்வளவே. கோயில் தெப்பமும் அப்படியே. பீப்பாய்களையும் மரச் சட்டங்களையும் இணைத்துக் குளத்தில் கட்டுவார்கள். தெப்பத் திருவிழா முடிந்ததும் பிரித்து விடுவார்கள்.

ஒடிசாவின் பூரி நகரம் இதே வழியைத் தேருக்குப் பயன்படுத்துகிறது. ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகிய மூவருக்கும் ஆண்டுதோறும் புதிய மரத்தில் மூன்று தேர்கள் செய்யப்படுகின்றன. அவற்றுக்கு முறையே 16, 14, 12 சக்கரங்கள். ரத யாத்திரை முடிந்ததும் தேர்களைப் பிரித்து விடுகிறார்கள். பக்கத் தெய்வ உருவங்கள், சாரதி, குதிரைகள் போன்ற சில உறுப்புகள் மட்டும் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கப்படும். மரத்தின் ஒரு பகுதி கோயில் மடைப்பள்ளியில் விறகாகிறது. அங்கே தேரைப் பாதுகாக்கும் சிக்கலே எழுவதில்லை. மாறாக, ஒவ்வோர் ஆண்டும் காட்டிலிருந்து மரம் வந்தாக வேண்டும்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் ஜூலை மாதம் நடக்கும் கியோன் திருவிழாவில் இன்னொரு முறையைக் காணலாம். 17, 24 ஆகிய நாட்களில் வீதி உலா வரும் பெரிய சக்கர ஊர்திகளை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டி எழுப்புகிறார்கள். விழா முடிந்ததும் அவிழ்த்து, அந்தந்தத் தெருவாரின் பொறுப்பில் கிடங்கில் வைத்துப் பூட்டுகிறார்கள். அவற்றில் இரண்டு கப்பல் வடிவத்தில் அமைந்தவை, அதாவது சக்கரத்தில் ஏறிய மரக்கலங்கள். அவற்றுள் ஒன்று 1864இல் நகரில் நடந்த சண்டையில் தீக்கு இரையானது. சரியாக 150 ஆண்டுகள் கழித்து 2014இல் மீண்டும் கட்டப்பட்டு உலாவில் சேர்ந்தது.

தமிழகத் தேர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் மேற்பாதி கழற்றக்கூடியது, கீழ்ப்பாதி கழற்ற முடியாதது. அச்சு, சக்கரம், அவற்றின் மேல் அடுக்கடுக்காக ஏறும் பூதப்பார், நடகாசனம், தேவாசனம், சிம்மாசனம் ஆகியவை கனத்த மரத்தால் ஆன நிலையான பகுதி. சிற்பங்கள் இருப்பது இங்கேதான். இதற்கு மேல் மூங்கிலும் சவுக்கும் கொண்டு கட்டும் விமானம், தேர்ச்சீலை, தொம்பைகள், வாழை, தோரணம் எல்லாம் ஆண்டுக்கொரு முறை வந்து போகிறவை. திருவாரூர் ஆழித்தேரின் அளவுகளைப் பார்த்தால் இது விளங்கும். அலங்காரம் இல்லாத மரத்தேர் சுமார் 30 அடி உயரம். கட்டி முடித்தபின் 96 அடி. ஆக, உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு சில நாட்களுக்கு மட்டும் இருக்கிறது.

இது திட்டமிட்ட ஏற்பாடாகவே தெரிகிறது. காற்றுக்கும் மழைக்கும் அதிகம் ஆட்படும் மேற்பகுதியை மலிவான, எளிதில் மாற்றக்கூடிய பொருளில் வைத்துக்கொண்டு, விலைமதிப்புள்ள வேலைப்பாட்டைக் கீழே வைத்தார்கள். ஆனால் கீழே வைத்ததை மூடவில்லை. அந்த இடத்தில்தான் கணக்கு தவறியது.

கல்லில் நிறுத்திய தேர்கள்

தேரை அழியாமல் நிறுத்தி வைக்க ஒரு வழியைச் சோழர் காலத்துக் கட்டடக்கலைஞர்கள் கண்டார்கள். தேரையே கல்லில் கட்டிவிட்டார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்து மேலக்கடம்பூர்க் கோயில் சக்கரங்களோடு தேர் வடிவில் அமைந்தது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபமும் சக்கரமும் குதிரையும் பூட்டிய கல்தேர். 13ஆம் நூற்றாண்டின் கோனார்க் சூரியன் கோயில் அந்தக் கற்பனையின் உச்சம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்பி விட்டலர் கோயில் கல்தேர் இன்று 50 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருக்கிறது. இவற்றுக்குக் கொட்டகை வேண்டியதில்லை. ஓட்டமும் கிடையாது.

நாம் இன்று வீதியில் காணும் பெருந்தேர்கள் விசயநகர, நாயக்கர் காலத்தில் வளர்ந்த திருவிழா முறையின் விளைவு. கோயிலைச் சுற்றி நான்கு அகன்ற வீதிகள், மூலையில் தேர் திரும்ப இடம், வாசலுக்கு எதிரே நிலை என நகரமே தேருக்காக அளந்து அமைக்கப்பட்டது. தமிழகத் தேர்களை விரிவாக ஆராய்ந்த ராஜு காளிதாஸ் 1989இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. தேர் நின்ற இடம் ஊர்ப்பெயரில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சென்னை திருவொற்றியூரே சான்று. அங்கே மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயர் தேரடி. ரயில் ஏறுவோர் பலருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர் மட்டுமே. ஆனால் அந்தச் சொல்லின் பொருளும் நிறுத்தம்தான்.

நிற்கும் தேருக்கு நேர்வது

தேர்ச் சிற்பத்துக்கு இலுப்பை மரம் சிறந்தது என்று தச்சர்கள் சொல்வார்கள். எண்ணெய்ப் பிடிப்புள்ள கனத்த மரம் அது. தேக்கு, வேங்கை முதலியவையும் பயன்படும். ஆனால் எந்த மரமானாலும் திறந்த வெளியில் எதிரிகள் ஒன்றே.

முதலாவது வெயிலும் மழையும் மாறி மாறி அடிப்பது. ஒரே நிலையில் நனைந்தே கிடக்கும் மரமோ காய்ந்தே கிடக்கும் மரமோ நெடுநாள் தாங்கும். நனைந்து புடைத்து, காய்ந்து சுருங்கி, மீண்டும் நனையும் மரத்தில் வெடிப்பு விழும். பெரம்பலூர், அரியலூர் பகுதியில் சித்திரை வெயில் எப்படிப்பட்டது என்று அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அதன்பின் ஐப்பசி மழை வெடிப்புக்குள் இறங்கும். சிற்பத்தின் மேல்நோக்கிய பகுதிகளில், அதாவது மடித்த முழங்காலிலும் நீட்டிய கையிலும் தண்ணீர் தேங்கும். அரிப்பு தொடங்குவது அங்கேதான்.

இரண்டாவது தரை. மரச் சக்கரம் மண்ணில் நின்றால் ஈரத்தை உறிஞ்சும், கரையான் ஏறும். நாற்பது ஐம்பது டன் எடை ஒரே புள்ளியில் ஆண்டு முழுதும் அழுத்துவதால் சக்கரத்தின் அடிப்பகுதி நசுங்கும், அச்சு வளையும். தேர் கிளம்பும் நாளில் சன்னைக்கட்டை போட்டு நெம்பியும் நகராமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். நிலையில் கருங்கல் பாவியது இதற்காகவே. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பது உருளாமல் இருக்க; கல் பாவுவது அமிழாமல் இருக்க. இழுத்து விளையாடப்படும் சிறு சப்பரத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

மூன்றாவது இரும்பு. பழைய தேர்களில் பலகைகளை மர முளைகளால் பிணைத்தார்கள். பழுது பார்க்கும்போது அடிக்கும் இரும்பு ஆணியும் பட்டையும் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு பல சிற்பங்களைப் பிளந்திருக்கிறது.

இவற்றைத் தடுக்க எண்ணெய் பூசுவது பழைய முறை. வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் ஆகியவை மரத்துக்குப் பூசப்பட்டு வந்தன. முந்திரி ஓட்டெண்ணெயைக் கடலோரத்தில் படகுக்கும் பூசுவார்கள். அரியலூர் மாவட்டத்தில் முந்திரிக்காடுகள் உண்டென்பதால் இந்தப் பகுதிக்கு அது அந்நியப் பொருளன்று. பிற்காலத்தில் எண்ணெய்க்குப் பதில் பளபளப்பான பெயின்ட் வந்தது. அது சிற்பத்தின் நுணுக்கத்தை மூடியதோடு, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமலும் அடைத்தது. கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்த பல தேர்கள் உள்ளே உளுத்துப் போயின.

கீற்று, தகரம், கண்ணாடியிழை

கொட்டகையின் வரலாறு நேரானதன்று. முதலில் பனையோலை அல்லது தென்னங்கீற்றால் மூடினார்கள். கீற்று குளிர்ச்சி, காற்றோட்டம் உண்டு, மரத்துக்கு நல்லது. ஆனால் தீக்கு அஞ்ச வேண்டும். தெருவோரத்தில் காய்ந்த ஓலையும் எண்ணெய் ஊறிய மரமும் சேர்ந்திருந்தால் ஒரு வாணத்தின் பொறி போதும். தேர் எரிவது வெறும் அச்சமல்ல. திருவாரூர் ஆழித்தேர் 1920களின் பிற்பகுதியில், திருவிழா நேரத்திலேயே தீப்பற்றி அழிந்தது. புதிய தேர் செய்யப்பட்டு 1930இல் ஓடியது.

அடுத்து வந்தது தகரக் கொட்டகை. சுற்றிலும் தகரத்தால் அடைத்து ஒரு கதவு வைத்துப் பூட்டுவார்கள். மழை நின்றது, திருட்டும் குறைந்தது. ஆனால் கோடையில் உள்ளே அடுப்பு போலக் கொதித்தது. வௌவாலும் புறாவும் குடியேறின. அவற்றின் எச்சம் மரத்தை அரித்தது. மிக முக்கியமாக, தேர் கண்ணிலிருந்து மறைந்தது. பூட்டிய தகரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது திருவிழாவுக்குச் சில வாரம் முன்பு கதவைத் திறக்கும்போதுதான் ஊருக்குத் தெரியும்.

இப்போது உயரமான இரும்புச் சட்டத்தில் ஒளி ஊடுருவும் தகடுகளைப் பொருத்திய கொட்டகைகள் பரவலாகி வருகின்றன. கண்ணாடியிழைத் தகடும் பாலிகார்பனேட் தகடும் பயன்படுகின்றன. புதிய தேர், தேர்க் கொட்டகை என்ற இரண்டும் இந்து சமய அறநிலையத் துறையின் ஆண்டு அறிவிப்புகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. தேர் வெளியே தெரிகிறது, மழை படவில்லை. மேலே சூடான காற்று வெளியேற வழி விட்டிருந்தால் இது இதுவரை வந்தவற்றில் நல்ல ஏற்பாடு. வழி விடாமல் நான்கு பக்கமும் அடைத்தால் தகரக் கொட்டகையின் வெப்பம் அப்படியே திரும்பி வரும். சில ஊர்களில் கொட்டகையின் தூண்கள் தேரை ஒட்டியே நடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். தேர் ஓடும் நாளில் முன்பக்கச் சட்டத்தைக் கழற்ற வெல்டிங் ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

சக்கரத்தின் மாற்றம் இதைவிடப் பெரிது. திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு திருவாரூர்த் தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. பின்னர் பல கோயில் தேர்கள் இந்த முறைக்கு மாறின. இழுப்பது எளிதானது, விபத்து குறைந்தது என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நிற்கும் நாட்களுக்கும் இதில் நன்மை உண்டு. இரும்புச் சக்கரம் கரையானுக்கு ஏணியாக இருப்பதில்லை, எடையால் நசுங்குவதுமில்லை.

ஓட்டம் நின்றால்

நிற்கும் தேருக்குக் கொட்டகையைவிடப் பெரிய பாதுகாப்பு அது ஆண்டுதோறும் ஓடுவதுதான். ஓடும் தேரை யாராவது ஏறிப் பார்க்கிறார்கள். அச்சில் மசகு இடுகிறார்கள், தளர்ந்த ஆப்பை இறுக்குகிறார்கள், உளுத்த பலகையை மாற்றுகிறார்கள். பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. ஓட்டம் நின்ற தேரிடம் யாரும் போவதில்லை. அதன் நிழலில் சைக்கிள் நிற்கும், கடை விரியும், பிறகு செடி முளைக்கும்.

நின்றதற்குக் காரணங்கள் பல. திருவாரூர்த் தேர் 1948க்குப் பின் ஓடாமல் நின்று 1970இல்தான் மீண்டும் ஓடியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதிய தேர் செய்து 2015 ஏப்ரலில் ஓட்டியபோது, அந்நகரம் ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் தேரோட்டத்தைக் கண்டது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் நடந்தது வேறு. வடம் பிடிக்கும் உரிமை எல்லாச் சாதியாருக்கும் உண்டா என்ற வழக்கில் ஓட்டம் நின்றது. பட்டியல் சாதியினரின் உரிமைக்காக நீதிமன்றப் படிகள் பலமுறை ஏறப்பட்டன. பல ஆண்டுகள் ஓடாமல் இருந்த அந்தத் தேர் உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின் 2024 ஜூன் மாதம் காவல்துறையின் பாதுகாப்போடு ஓடியது. ஒரு சாதியார் தொடக்கூடாது என்பதற்காக ஊரே தன் தேரை நிறுத்தி வைத்த கதை தேர்நிலையின் வரலாற்றில் சேர்த்து எழுதப்பட வேண்டியது. மழையும் கரையானும் மட்டும் தேரைக் கெடுப்பதில்லை.

கைவிடப்பட்ட தேர்களின் சிற்பங்கள் இன்னொரு வழியிலும் குறைந்தன. ஒரு பலகையைக் கழற்றினால் கையில் எடுத்துப் போகலாம். பழம்பொருள் கடைகளுக்கும் அங்கிருந்து வெளிநாட்டுத் தொகுப்புகளுக்கும் தமிழகத் தேர்ப் பலகைகள் பெருமளவில் சென்றுள்ளன. நவகுஞ்சரம், காளிங்க நர்த்தனம், பிட்சாடனர், நடனப் பெண்கள், குறவன் குறத்தி என எந்தக் கோயிலின் எந்த அடுக்கில் இருந்தவை என்ற குறிப்பின்றி அவை சுவரில் தொங்குகின்றன.

பழைய சிற்பமும் புதிய தேரும்

புதிய தேர் செய்வதென முடிவானால் பெருமரங்களைக் கோயிலருகே கொண்டுவந்து அங்கேயே அடித்தளத்தைக் கட்டுவது வழக்கம். சிற்பப் பலகைகளைப் பட்டறையில் செதுக்கிப் பின் பொருத்தலாம். அரும்பாவூர் போன்ற ஊர்களின் பங்கு அங்கே வருகிறது. பழைய தேரில் எஞ்சிய நல்ல பலகைகளைப் புதிய தேரில் சேர்ப்பதும் உண்டு. சேராதவை கோயில் அறைகளில் அடுக்கப்படுகின்றன. சில இடங்களில் கொட்டகையின் மூலையில் சாத்தி வைக்கப்படுகின்றன.

அந்த மூலையில் சாத்தியவற்றின் மீது இக்கட்டுரை கொஞ்சம் நிற்க விரும்புகிறது. மரச்சிற்பி பழைய வேலையைப் பார்த்துத்தான் கற்கிறார். தியான சுலோகத்தில் உருவத்தின் கைகளும் ஆயுதங்களும் இருக்கும். ஒரு மரத்துண்டில் எந்தப் பக்கம் இழை ஓடுகிறது, உயர்த்திய காலை உடையாமல் எப்படி எடுப்பது என்பது பழைய பலகையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். இலுப்பை மரம் அருகி வரும் காலத்தில், முந்நூறு ஆண்டு பழைய இலுப்பைப் பலகை இன்றைய சிற்பிக்குப் பாடநூலும் ஆகும், மாதிரிப்பொருளும் ஆகும். அவற்றை எண்ணிட்டு, புகைப்படம் எடுத்து, எந்தத் தேரின் எந்த அடுக்கு என்று எழுதி, தரையில் படாமல் சட்டத்தில் வைத்தால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு கொட்டகையின் கூரைச் செலவில் சிறு பங்குகூட வராது.

புதிய தேருக்கு வெள்ளோட்டம் விடும் நாளில், வீதி சுற்றி வந்த தேரை முட்டுக்கட்டை போட்டு நிலையில் நிறுத்துவார்கள். பழைய தேர் நின்றதும் பெரும்பாலும் அதே இடமாகத்தான் இருக்கும்.